கர்த்தர் வாங்கிக் கொடுத்த நான்கு கிரெடிட்

சகோதர சகோதரிகளே, என் பெயர் எஸ்தர். பொம்மிடியில் இருக்கிறேன். முப்பத்தெட்டு வயது. பத்தாவதோடு கல்யாணம் ஆனவள், பிறகு தபாலில் பன்னிரண்டாவது முடித்தேன். புளி உடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே சமுதாயக் கல்லூரியில் ஒரு வருடம் உணவு பதப்படுத்தும் டிப்ளமோ படித்தேன். அதில் நாற்பது கிரெடிட் இருந்தால் பல்கலைக்கழகத்தில் நேரடியாக இரண்டாம் ஆண்டு பட்டப்படிப்பில் சேரலாம். எனக்கு இடமும் கிடைத்தது.

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. எழுத்தர் என் மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்தார்.

"முப்பத்தாறுதாங்க இருக்கு. பயிற்சிக்கான நாலு கிரெடிட் ஏறல. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க. இல்லன்னா சீட்டு போயிடும்."

அந்தப் பயிற்சியை நான் செய்திருந்தேன். சித்தேரி மலையில், பெண்கள் குழு நடத்தும் சாமை அரைக்கும் கூடத்தில், ஒரு மாதம். ஒரு நாள்கூட விடவில்லை.

வீட்டில் கொழுந்தனார் சிரித்தார். "இந்த வயசுல எதுக்கு அண்ணி டிகிரி? கடவுளே வேணாம்னு சொல்றாரு, விடுங்க." சபையில் ஒரு அக்காவும் அன்பாகத்தான் சொன்னார், "கர்த்தருக்கு வேற சித்தம் இருக்கும்மா."

எனக்குக் கோபம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நான் இரக்கம் கேட்கவில்லை. உழைத்ததைக் கேட்கிறேன். ஒரு மாதமும் நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? நீரே சாட்சி சொல்லும். அதுவரை உம்மை விடமாட்டேன்." அப்படித்தான் ஜெபித்தேன். வெட்கப்படவில்லை.

புதன்கிழமை கல்லூரிக்குப் போனேன். பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தாள் எதுவும் இல்லை. முதல்வர் அம்மா, "வருகைப் பதிவேடு இருந்தா நான் கையெழுத்துப் போடறேன், எஸ்தர். வெறும் வாய் வார்த்தைக்கு முடியாது" என்றார். கூடத்தை நடத்தும் சின்னப்பொண்ணு அக்காவின் போன் அணைந்தே கிடந்தது.

வியாழக்கிழமை அரூர் போய் மலைப் பேருந்து ஏறினேன். கூடம் பூட்டியிருந்தது.

"அக்கா கல்யாணத்துக்குப் போயிருச்சு. ரெண்டு நாளு ஆவும் வர" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

அந்தப் பூட்டின் முன்னாலேயே மண்டியிட்டேன். கம்பு காயப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "ஆண்டவரே, திரும்பிப் போக மாட்டேன்" என்று சத்தமாகவே சொன்னேன். கண்ணீர் வந்தது, எழுந்திருக்கவில்லை.

ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு பால் வண்டி வந்து நின்றது. வயிற்றைப் பிடித்தபடி இறங்கியவர் சின்னப்பொண்ணு அக்கா!

"கல்யாணத்துக்குத்தான் கெளம்பினேன். மலை எறங்கறதுக்குள்ள வயித்தக் கலக்கிருச்சு, திரும்பிட்டேன். நீ எதுக்குடி இங்க உக்காந்து அழுவற?"

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். அக்கா உள்ளே போய் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து பதிவேட்டை இழுத்து எடுத்தார். ஒவ்வொரு நாளும் நான் வந்த நேரம், போன நேரம், என் கையெழுத்து. ஒன்றும் விட்டுப்போகவில்லை. குழுவின் முத்திரையோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை முதல்வர் அம்மா கையெழுத்திட்டார். மதியம் பல்கலைக்கழகத்தில் அதே எழுத்தர் தாள்களைப் பார்த்துவிட்டு, "நாப்பது. சரியா இருக்குங்க" என்றார்.

ஒரு வயிற்றுவலியை என் ஆண்டவர் எனக்காக அனுப்பினார் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த அக்காவுக்காகவும் நான் தினமும் ஜெபிக்கிறேன். அவர் நன்றாக இருக்கிறார்.

இன்று என் மகள் வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்காருகிறேன். முன்பெல்லாம் கேட்டது கிடைக்காவிட்டால் "உமது சித்தம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். அதில் பாதி விசுவாசம், பாதி பயம். பயத்தை விட்டுவிட்டேன்.

உங்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியதை யாராவது இல்லை என்று சொன்னால், அதையே ஆண்டவரின் பதில் என்று நம்பிவிடாதீர்கள். அவரிடமே நேராகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேருந்தும் ஏறுங்கள். அவர் உங்களுக்கு முன்னால் அங்கே போயிருப்பார்.