காது தெளிவு, கண் மங்கல்

மருத்துவமனை ஆய்வகத்தில் இருபது வருடத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவள் நான். ஃபோகஸ் எனக்குத் தெரியும் என்று நினைத்ததுதான் அன்று செய்த தப்பு.

டிஜிட்டல் சினிமா கேமராக்கள் வாடகைக்குக் கிடைக்க ஆரம்பித்த புதிது. மகள் ஆம்பூரில் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து கேமராவோடு வந்த ஒளிப்பதிவாளர் மாலை ரயிலில் திரும்ப வேண்டும். நடித்தவள் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவள். சந்தின் கோடியிலிருந்து நடந்து வந்து, முகம் திரையை நிறைக்க அவள் நிற்க வேண்டும். அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் படமே. ஆனால் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப வேண்டிய உதவியாளர் வரவில்லை.

"நான் திருப்பறேன்," என்றேன்.

"மேடம், இது லேப் இல்ல," என்றார் ஒளிப்பதிவாளர்.

"லென்ஸ் லென்ஸ்தான் தம்பி."

காலையில் ஏழு தடவை எடுத்தோம். கேமராவோடு இருந்த சின்னத் திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

மதியம் மகள் அதைக் கம்ப்யூட்டரில் முழு அளவில் திறந்தாள். காதோர முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்கள் மட்டும் மங்கல். ஏழிலும் அப்படித்தான். படத்தின் அகலம் நாலாயிரம் புள்ளி, சின்னத் திரை காட்டுவது அதில் கால்வாசிகூட இல்லை, மங்கல் அங்கே ஒளிந்துகொள்ளும் என்றார் ஒளிப்பதிவாளர். மகள் ஏழையும் ஒவ்வொன்றாக மூடினாள். அவள் திட்டியிருக்கலாம்.

"இன்னாக்கா, நான் நடந்ததெல்லாம் வேஸ்ட்டா?" என்றாள் நடித்தவள். "அடுத்த வாரத்துலேர்ந்து கம்பெனியில ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் போட்டுட்டான். இன்னைக்கு வுட்டா என்னால வர முடியாது."

ஒளிப்பதிவாளர் பெட்டியைத் திறந்து லென்ஸைக் கழற்றப் போனார்.

"கைய எடுங்க. ரயிலு சாயங்காலந்தான்," என்றேன்.

"மறுபடியும் நீங்களேவா மேடம்?"

"கெடுத்தது நான். நான்தான் சரி பண்ணுவேன்."

ஆய்வகத்தில் கண்ணாடி ஸ்லைடு அசையாமல் கிடக்கும். இங்கே அவள் நடக்கிறாள். மங்கலைப் பார்த்த பிறகு திருப்பினால் அதற்குள் ஓரடி தாண்டியிருப்பாள். அதனால் டேப் வைத்து அளந்தேன். சந்தில் இரண்டடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டிலும் அவளை நிறுத்தி, வளையத்தில் ஒட்டிய வெள்ளை டேப்பில் பென்சிலால் குறித்தேன். திரையைப் பார்ப்பதை விட்டேன். அவள் காலையும் கோட்டையும் மட்டும் பார்த்தேன்.

"வேகம் மாறாம வா."

"மெஷினு மாதிரி வர்றேன், நீ கரெக்டா திருப்புக்கா!"

மூன்று தடவை எடுத்தோம். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்றிலும் கண் மங்கல்தான். ஒளிப்பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. நாலாவதில் அவள் கருவிழிக்குள் வானமும், அதில் கடுகளவு கேமராவும் தெரிந்தன.

"அய்யே, மூஞ்சியில இவ்ளோ குழியா கீது?" என்று அவள் சிரித்தாள். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த தடவை இதுக்குன்னு தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக்கங்க மேடம்," என்றார் ஒளிப்பதிவாளர், பெட்டியை மூடிக்கொண்டே.

"கூப்பிடறோம். வரலேன்னா நான் இருக்கேன்," என்றேன்.