‘ஏக்தம் ஃபிட்’ என்றவருக்குக் கால் வாங்கிய கதை

மும்பையில் செம்பூர்ப் பக்கம், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு பாலிகிளினிக்கில் நான் கவுன்ட்டர் கிளார்க். நான் சரிபார்த்த ஃபைல் திரும்பி வராது என்றொரு திமிர் எனக்கு உண்டு. போன வருஷம் ஒரு ஹவில்தார் அதை இறக்கிவைத்தார்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் குடிசைப் பகுதிக்காரர். ராணுவத்தில் டிரைவர். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. செயற்கைக் கால் பழசாகி, காலைச் செருகும் சாக்கெட் லூஸாகி, உரசி உரசிப் புண். புதுக் கால் கேட்டு வந்தார். கார்டு, டிஸ்சார்ஜ் புக், எங்கள் டாக்டரின் ரெஃபரல் எல்லாம் கச்சிதம். ராணுவ மருத்துவமனை ஸ்பெஷலிஸ்ட் ‘தேவை’ என்று எழுதிவிட்டால் மேற்கொண்டு சாங்ஷன்தான்.

ஸ்பெஷலிஸ்ட் எழுதியது: ‘இருக்கும் காலே போதும்.’

ஹவில்தாரின் மனைவி ஃபைலை என் மேஜையில் போட்டார். “இவிய உள்ள போயி நின்ன நிப்பப் பாக்கணும் சார். விறைப்பா ஒரு சல்யூட். எப்படி இருக்கீங்கன்னு டாக்டரு கேட்டாவ. ‘ஏக்தம் ஃபிட், சாப்!’ நடந்து காட்டச் சொன்னாவ. இவிய பரேடே போயிட்டாவ.”

“காலைக் கழற்றிக் காட்டினாரா?”

“எங்க! அது தேவையே இல்லன்னு இவியளே சொல்லிட்டாவ.”

ஹவில்தார் தரையைப் பார்த்தார். “பழக்கம் தம்பி. பட்டாளத்து மெடிக்கல் செக்கப்ல வலிக்குன்னு சொன்னா ஃபிட்னஸ் கேட்டகரியக் கொறச்சிருவான். புரமோஷன் போயிரும்லா.”

“இனி என்ன புரமோஷன் வரப்போவுது? சந்துக் கடைசி கக்கூசுக்கு என் தோளப் பிடிச்சிட்டுல்லா வாரிய. ஆம்பளைய வரிசையில நானும் நிக்கேன்.”

 அத்தனை பேப்பரையும் கேட்ட நான் இதைக் கேட்கவில்லை.

“வண்டி எடுக்கறதுக்கு முன்னால செக் பண்ணுவீங்களா சார்?” என்றேன்.

“பின்ன? கோளாற மறைச்சா பின்னால உக்காந்திருக்கவன் உசுருல்லா போவும்.”

“காலும் வண்டிதான். டாக்டர்கிட்ட டிஃபெக்ட் ரிப்போர்ட் குடுங்க. சல்யூட் அடிச்சே குடுங்க.”

மறுபடி ரெஃபரல் போட்டு, லீவும் போட்டு, ராணுவ மருத்துவமனைக்குக் கூடவே போனேன். ஹவில்தார் சல்யூட் அடித்தார். காலைக் கழற்றி மேஜையோரம் சாய்த்தார். சாக்கெட் லூஸ், இரண்டு இடத்தில் புண், மழையில் வழுக்குகிறது, டாய்லெட்டுக்குத் தனியாகப் போக முடியவில்லை. ஹிந்தியில், குரல் பிசிறாமல், நாலே வாக்கியம். அந்த ஸ்பெஷலிஸ்ட், கர்னல் டாக்டர், எழுந்து வந்து, மண்டி போட்டுப் புண்ணைப் பார்த்தார். லாரி கவிழ்ந்த கதையைக் கேட்டபோதுகூட ஹவில்தாரை நான் அப்படி வியக்கவில்லை.

புதுக் கால் வந்த பிறகு மனைவியிடம் விசாரித்தேன்.

“நான் கண்ணு முழிக்கதுக்குள்ள போயிட்டு வந்துருதாவ சார்.”

இப்போதெல்லாம் கார்டை வாங்குவதற்கு முன்பே ஒன்று கேட்கிறேன்: “வீட்டுல பாத்ரூமுக்கு எப்படிப் போறீங்க?” எல்லோரும் முறைக்கிறார்கள். ஒரு சுபேதார் என்மேல் புகாரே எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.