தறிக்குழியில் இருவர்

வைகாசிக் கருடசேவை அன்று விடிகாலையில் வரதர் கோயில் பக்கம் அதிர்வேட்டு போட்டால், நெய்பவர் கால் தொங்கவிட்டு உட்காரும் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் கிடக்கும் மிதிகட்டைகள் லேசாக அதிரும். அந்தச் சத்தத்தில் எனக்கு நான் தங்கச்சி என்று கூப்பிட்ட இலங்கைப் பெண்ணின் ஞாபகம் வந்துவிடும்.

அங்கே சண்டை ஓய்ந்திருந்த சமயம். ஏதோ வெள்ளைக்கார நாட்டுப் பணத்தில், தறி பழக அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பழகிவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் சொன்னால்தான் ஊரில் அவளுக்குத் தறி கிடைக்கும். இல்லையென்றால் வேறு யாருக்காவது போய்விடும். அவளை நம்பி அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். புது மனிதரிடம் எனக்கு வாய் வராது. ஆனாலும் ஒன்று மட்டும் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. சண்டை நடந்த ஊருக்கு அரிசி, போர்வை அனுப்புவார்கள், தொழில் வைக்கவா பணம் அனுப்புவார்கள்? தார்க்குச்சியில் நூல் சுற்றும்போது மெல்லக் கேட்டேன்.

"அரிசி தந்தா ஒரு கிழமைக்குத்தான் அக்கா. தறி தந்தா நான் ரெண்டு பேரை வேலைக்கு வைப்பன், அவையள் கடையில சாமான் வாங்குவினம். அப்பிடித்தான் ஊர் எழும்புமாம்."

இவ்வளவு தெளிவாகப் பேசியவள் தறியில் மட்டும் உட்காரவில்லை. குழி ஓரம் வரை வருவாள், காலை உள்ளே விடமாட்டாள். "என்னால ஏலாது அண்ணை" என்பாள். வீட்டுக்காரர், "ஏம்மா, கால உள்ள வுடாம நெய்யணும்னா நம்ம வரதராட்டம் நின்னுக்கினேதான் நெய்யணும்" என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள், ஆனால் கால் இறங்காது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சம்.

கருடசேவை அன்று வீட்டுக்காரர் சாமி பார்க்கப் போய்விட்டார். நாங்கள் இருவரும் தறி ஓரம் உட்கார்ந்திருந்தோம். முதல் வேட்டு வெடித்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழிக்குள் குதித்துவிட்டாள்! ஒரு ஆள் இடத்தில் இரண்டு பேர். என் தலையைக் கையால் அழுத்தி, "பயப்பிடாதேங்கோ அக்கா, குனிஞ்சு இருங்கோ. எங்கட வீட்டுப் பங்கர் குழியிலயும் பிள்ளையளோட இப்பிடித்தான் இருப்பம்" என்றாள்.

அவள் வீட்டுக்குள்ளும் இப்படி ஒரு குழி உண்டென்று அப்போதுதான் புரிந்தது. குண்டு விழுந்தால் பிள்ளைகளோடு ஒளியும் குழி.

"வேட்டும்மா. பெருமாளுக்குப் போடுற வேட்டு" என்றேன். அடுத்த வேட்டுக்கும் நடுங்கினாள். ஆனால் குழியை விட்டு ஏறவில்லை. என் கால் தெரியாமல் ஒரு மிதியை அமுக்க, தலைக்கு மேலே பாவு இழைகள் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்தன. அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மற்றதை மிதிச்சா?" என்று கேட்டு, தன் காலை அதன்மேல் வைத்தாள். மேலே போன இழைகள் கீழே வந்தன.

மறுநாளிலிருந்து தறியை விட்டு அவளை எழுப்புவதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஊருக்குப் போன பிறகு போன் செய்தாள்: "பங்கர் குழியிலதான் தறி போட்டனான் அக்கா. புதுசாத் தோண்டேல்ல. ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைச்சிருக்கிறன்." வீட்டுக்காரர் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு அங்கே மறுபடியும் சண்டை மூண்டது. போன் வரவில்லை. சண்டை முடிந்தது என்றார்கள், அப்போதும் வரவில்லை. அந்தக் குழியில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கால் தொங்கவிட்டா, தலை குனிந்தா? கேட்க எனக்கு ஆள் தெரியாது.

இந்த வருஷமும் வேட்டுச் சத்தம் கேட்டதும் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தேன். ஒரு மிதியில் கால் வைத்தேன். மற்றதை அவளுக்கு விட்டுவைத்தேன்.