மணியடித்ததும் ஜன்னலில் நின்றவள்

தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தவர் அக்கா. என் அம்மாவைவிடச் சற்றே இளையவர்; ஆனாலும் அம்மா உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான். கோவில்பட்டிப் பக்கம். கணவருக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பனங்கற்கண்டு வாங்கி வந்து, பாலைச் சுண்டக் காய்ச்சி, மரவாளியில் ஐஸும் உப்பும் கொட்டி, பின்வராந்தாவில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஐஸ்கிரீம் செய்வார். முதலில் எங்களைப் போன்ற அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு. பிறகு மந்திர் மார்க் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஒரு மேஜை போட்டு விற்றார். நான் கல்லூரி முடித்த சமயம் ஓக்லாவில் தகரக் கூரை ஷெட், குளிர் அறை, தெருத்தெருவாகப் போகும் தள்ளுவண்டிகள் என்று அது ஒரு கம்பெனியாகியிருந்தது.

“வீட்டுல சும்மா இருந்து என்னட்டி செய்யப் போற? வந்து போனை எடு” என்று என்னைக் கூட்டிப்போனார்.

எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவள் ஒரு பஞ்சாபிப் பெண். கல்யாணமாகிப் போய், வருஷம் திரும்புவதற்குள் தீயில் செத்துப்போனாள். ஸ்டவ் வெடித்தது என்றார்கள் கணவன் வீட்டார். அந்தக் காலத்துத் தில்லியில் அடிக்கடி ஏதாவது ஒரு வீட்டில் ஸ்டவ் வெடித்தது. வெடிக்கும்போது பக்கத்தில் நின்றது எப்போதும் மருமகள்தான். போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனது.

கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே இருந்தவர் அக்கா. அதன்பின், பெண்கள் எரிந்த வீடுகளின் முன்னால் போய் நின்று கோஷம் போடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டார். ஐஸ்கிரீம் வேனில் தட்டிகளும் ஒலிபெருக்கியும் போயின. சில கடைக்காரர்கள் எங்கள் சரக்கை எடுப்பதை நிறுத்தினார்கள். ஐஸ்கிரீம் விற்க வந்தவளுக்கு அடுத்தவன் வீட்டு வாசலில் என்ன வேலை என்று எங்கள் குவார்ட்டர்ஸிலேயே பேசிக்கொண்டார்கள்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஊரெங்கும் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த வருஷம். குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஒரு போன் வந்தது. கல்யாண வரவேற்புக்கு ஐஸ்கிரீம் வேண்டும் என்று பெண்ணின் அப்பா பேசினார். மாப்பிள்ளை பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொன்னார். நான் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தபோது, எதிரே நின்ற அக்கா அப்படியே அசைவற்றுப் போனார்.

“அதே வீடு” என்றார். “அவளை எரிச்ச வீடு.”

வரவேற்பன்று ஐஸ்கிரீமோடு அக்காவே போனார். நானும் போனேன். பந்தலுக்குப் பின்னால் பெண்ணின் அப்பாவைத் தனியே அழைத்து, முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று இந்தியில் மெல்லச் சொன்னார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“தெரியும் பெஹன்ஜி. ஸ்டவ் வெடிச்சுதாம். அவங்களே சொன்னாங்க” என்றார். “இப்ப அந்த வீட்டுல கேஸ் அடுப்பு வந்தாச்சு.”

அதைச் சொன்ன குரலில் கோபமோ பயமோ எதுவும் இல்லை. அக்கா ஒரு கிண்ணத்தில் ஐஸ்கிரீம் எடுத்துக்கொண்டு மணமேடைக்குப் போனார். பெண்ணின் கையில் கொடுக்கிற மாதிரி குனிந்து, அவள் காதில் சொன்னார்: “தினமும் மத்தியானம் எங்க வண்டி உங்க தெருவுக்கு வரும். மணி கேட்டதும் ஜன்னல்ல வந்து நில்லு. நீ நல்லா இருக்கேன்னு நாங்க தெரிஞ்சுக்குவோம்.” பெண் தலையை நிமிர்த்தவில்லை. முக்காட்டுக்குள் அது கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

ஆனால் கேட்டிருந்தது போலத்தான் ஆயிற்று. அந்தத் தெருவுக்குப் போகும் வண்டிக்காரர் கோரக்பூர்ப் பக்கத்து ஆள், நடுவயது. முதல் நாளே திரும்பி வந்து, “மாடி ஜன்னலில் நிற்கிறாள் பெஹன்ஜி” என்றார். மறுநாளும் அதேதான். ஹோலி போய், வெயில் ஏறி, லூ என்கிற அனல்காற்று வீச ஆரம்பித்தது. அவள் ஒரு நாளும் தவறவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் வண்டிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. இந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.”

அக்கா என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். நான் வண்டிக்குப் பின்னால் நடந்து போனேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வண்டிக்காரர் மணியை ஆட்டினார். மாடி ஜன்னலின் கம்பிவலைக்குப் பின்னால் அவள் வந்து நின்றாள். வந்ததை நான் பார்க்கவில்லை, நிமிர்ந்தபோது நின்றுகொண்டிருந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர். வலையின் நிழலில் முகம் சரியாகத் தெரியவில்லை. நான் கையசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அனலில் என் முதுகில் ஓடிய வியர்வை சட்டென்று குளிர்ந்தது.

நான் சொன்னதைக் கேட்டு அடுத்த நாள் அக்கா தனியாகப் போனார். திரும்பி வந்ததும் நேரே குளிர் அறைக்குள் போய்விட்டார். வெகுநேரம் கழித்து நான் கதவைத் திறந்தபோது, பெட்டிகளுக்கு நடுவே உதடு நீலம்பாரித்து உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, அவ நிக்கறாளா?”

“நிக்கா” என்றார். “அந்தத் தெருவுக்கு வண்டி போறதை நிறுத்தவேண்டாம்னு சொல்லு.”

சில நாள் கழித்து வண்டிக்காரர் தெருவிலிருந்து பாதியிலேயே ஓடி வந்து, ஒரு கடையிலிருந்து போன் செய்தார். மணியடித்து முடித்தும் அவள் உள்ளே போகவில்லையாம். இரண்டு உள்ளங்கைகளையும் வலையில் பதித்து நிற்கிறாளாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தால் வலையைத் தட்டுகிறாளாம்.

அக்கா தன் குழுப் பெண்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு வேனில் ஏறினார். நானும் ஏறிக்கொண்டேன். வழியில் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திக் கேட்டோம். குடும்ப விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழுப் பெண்கள் சிலர் வாசலில் காத்திருந்தார்கள். அக்கா கதவைத் தட்டினார். மாமியார் சங்கிலியை எடுக்காமல் கொஞ்சமாகத் திறந்தாள்.

“மருமக எங்கே?”

“அப்பா வீட்டுக்குப் போயிருக்கா.”

“அப்ப மாடி ஜன்னல்ல நிக்கறது யாரு?” என்று கேட்டார் அக்கா. “தினமும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கறாளே, அவ யாரு?”

அந்த அம்மாளின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோவதை நான் கண்ணால் பார்த்தேன். “மேலே யாரும் இல்லே” என்றாள். “பூட்டியிருக்கு. மூத்தவ போனதிலேர்ந்து பூட்டித்தான் இருக்கு.” சொல்லிக்கொண்டே அவள் கை தானாகச் சங்கிலியைக் கழற்றியது. எங்களை விலக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, நடுத்தெருவில் நின்று ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். என்ன பார்த்தாளோ, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாங்கள் உள்ளே போனோம். சமையலறையை ஒட்டிய சின்ன அறை வெளியே தாழிட்டிருந்தது. திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. புதுப்பெண் தரையில் சுருண்டு கிடந்தாள். புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உயிர் இருந்தது. வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கணவன் உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டான்.

வேனில் அவளைப் படுக்கவைத்து ஐஸ் தண்ணீர் கொடுத்தோம். கொஞ்சம் தெளிந்ததும் அழுதாள். “மணி தினமும் கேக்கும். என்னை முன்பக்கமே விடமாட்டாங்க. நான் வரலேன்னதும் வண்டியை நிறுத்திடுவீங்கன்னு நினைச்சேன்” என்றாள்.

“நீ மாடியில நிக்கலையா?” என்றேன்.

“மாடிக்கு நான் போனதே இல்லே தீதி. சாவியை எங்கே வெச்சிருக்காங்கன்னுகூடத் தெரியாது.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் என்னை நிறுத்தித்தான் அதைச் சொன்னார்.

“ஆஸ்பத்திரியில அவ ஒண்ணுதாம்ட்டி கேட்டா. குளிருது, என் ஸ்வெட்டரைக் குடுங்கன்னு. உடம்புல தோலே இல்ல, எங்க போட? நர்ஸ் விடல.” படியில் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். “நீ இதை வெளிய சொல்லாத. கோர்ட்டுல சிரிப்பானுவ. கேஸ் கெட்டுரும். வண்டிக்காரர்ட்டயும் சொல்லிட்டேன்.”

கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. முதல் பெண்ணின் சாவு கடைசிவரை விபத்தாகவே இருந்தது. புதுப்பெண்ணைப் பூட்டிவைத்துக் கொல்லப் பார்த்ததற்கு மட்டும் கணவனுக்குத் தண்டனை கிடைத்தது. மாமியார் விசாரணைக்கு முன்பே புத்தி பேதலித்துப்போனாள். அக்கா அதில் சந்தோஷப்படவில்லை. அடுத்த வீடு, அடுத்த வாசல் என்று போய்க்கொண்டே இருந்தார். கம்பெனி வளரவில்லை, மூடவும் இல்லை.

அப்பா வந்து கூப்பிட்டும் அந்தப் பெண் அவரோடு போகவில்லை. அக்கா வீட்டிலேயே தங்கி, ஓக்லாவில் எங்களோடு வேலை செய்தாள். எனக்குக் கல்யாணமாகி நான் விலகியதும் போனை அவள்தான் எடுத்தாள். சுறுசுறுப்பான பெண், நன்றாகச் சிரிப்பாள். ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. வெளியிலிருந்து நாங்களே பூட்டி வைத்திருக்கும் குளிர் அறையைத் திறக்கப் போகும்போது, முதலில் கதவை மெல்லத் தட்டுவாள். உள்ளிருந்து யாராவது பதிலுக்குத் தட்டுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் சாவியைப் போடுவாள்.