அம்மா பேட் பிடித்த சனிக்கிழமை

கணவரின் ஹெல்மெட் நேற்று மழையில் ஊறி வந்தது. சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லை தாண்டி மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களுக்கு இது புதிதல்ல. மகள் அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். பூஞ்சை ஒட்டுமோ என்று பிடுங்கி, கைப்பேசியில் தேடி, ஏன்தான் தேடினோமோ என்று நொந்து, கடைசியில் நானே முகர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், கல்யாணத்துக்கு முன் நான் இருந்த பத்து பாகாட் ஊருக்கே நினைவில் போய்விட்டேன். பலபேர் மாட்டிக் கழற்றிய குத்துச்சண்டைக் கையுறைக்குள் இதே வாடைதான்.

அப்போது துணி ஆலை அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. அருகே திரைச்சீலைக் கடையின் மேல்மாடியில், சனிக்கிழமை மாலைகளில் செல்வம் கோச் வகுப்பு நடத்தினார். என்னை வீராங்கனை என்று நினைத்துவிடாதீர்கள். தொங்கும் மூட்டையைக் குத்திவிட்டு அதனிடமே "சாரி" சொன்னவள் நான். யாராவது குரலை உயர்த்தினால் கை நடுங்கும். அது நிற்காதா என்றுதான் போனேன்.

கோச்சிடம் ஒரே சட்டம். படியேறி வருகிறவர் யாரானாலும் முதலில் இன்னொருவருக்குப் பேட் பிடிக்க வேண்டும். குத்து வாங்குவதற்காக உள்ளங்கையில் மாட்டும் தடித்த திண்டு அது. "மொதல்ல பிடிங்க லா. அடிக்கிறவங்களுக்கு எங்க பயம்னு அங்க நின்னாதான் தெரியும்" என்பார். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார். வகுப்பில் மணி கிடையாது. வகுப்புக்கு வரும் டயர் கடை ஆ ஹெங்குக்குக் காது கேட்காது என்பதால், சுற்று முடிந்ததும் கோச் பலகைத் தரை அதிர ஓங்கி மிதிப்பார். எல்லாருக்கும் அதுதான் மணி. கீழே திரைச்சீலைகள்மேல் தூசி கொட்டும். கடைக்காரர் ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டே மேலே வந்து சண்டை போட்டார். அவர் கையிலும் பேட் ஏறியது.

வீட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லியிருந்தேன். (என் மகள் என்னிடம் இப்படிச் சொன்னால்? வேண்டாம், யோசிக்க மாட்டேன்.) அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றோடு சரி. ஒரு சனிக்கிழமை, எவனோ இருக்கிறான் என்று சந்தேகப்பட்டு, அம்மா அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வந்துவிட்டார். படியில் அவர் தலையைப் பார்த்ததும் தொங்கும் மூட்டைக்குப் பின்னால் நகர்ந்தேன். கோச்சோ, புதிதாகச் சேர வந்தவர் என்று நினைத்து, இரண்டு கையிலும் பேட்டை மாட்டி என் எதிரே நிறுத்திவிட்டார்.

"பயப்படாதீங்கம்மா, இந்தப் பொண்ணு மெதுவாதான் அடிக்கும்."

"தெரியும். நான்தான் பெத்தேன்."

கோச் பதறிப்போய் பேட்டைக் கழற்ற வந்தார். அம்மா கையைக் கொடுக்கவில்லை.

"இதான் கம்ப்யூட்டரா? எங்க, படிச்சதைக் காட்டு."

தொட்டேன்.

"சோறு திங்கிறியா இல்லையா? வீட்ல கதவை மட்டும் அந்த அறை அறையுற!"

மாடியே சிரித்தது. கோபத்தில் ஒன்று விட்டேன். அம்மா இரண்டடி பின்னால் போனார். தொண்டைவரை வந்த "சாரி" அங்கேயே நின்றது. அம்மா என் கையைப் பார்த்தார். அது நடுங்கவில்லை. பிறகு கோச்சிடம் திரும்பி, "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?" என்றார்.

கல்யாணமாகி நான் சிங்கப்பூர் எல்லைப் பக்கம் இந்தப் பெர்மாஸ் ஜெயாவுக்கு வந்த பின்னும் அம்மா போய்க்கொண்டிருந்தார், நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அக்கா காக் ரோஸுக்குப் பேட் பிடிக்க. இரண்டு பேருக்கும் நடுவில் எந்த மொழி ஓடியதோ, எனக்குத் தெரியாது. இப்போது கோச் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் இருக்கிறார். மாடியைத் தடுத்து வாடகை அறைகளாக்கிவிட்டார்கள். போன மாதம் அவ்வழியே போனபோது அம்மா காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். படிக்கட்டுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது.

"நல்லதுதான். என் முட்டி இனி ஏறாது" என்றார்.

ஆனாலும், வெகுநேரம் காரில் வந்து ஏறவில்லை.