பூக்காரி வைத்திருந்த கணக்கு

உலக நாடுகளின் வரிசையில் இந்தியாவுக்கு எத்தனையாவது இடம் என்று பத்திரிகையில் பட்டியல் வந்தால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அந்தப் பட்டியலுக்கு எண் எங்கிருந்து போகிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தவன் நான். கோபம் வராமல் என்ன செய்யும்?

என் அக்கா சாந்தகுமாரி கிராம நர்சு. போடி ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் மளிகைக்கடை. அப்பாவுக்குப் பிறகு அதை நான் பார்த்தேன். அக்கா எழுபத்து நாலில் வேலைக்குச் சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போவாள். அங்கிருந்து சரிவில் இருக்கும் குடிசைகளுக்கு நடைதான். அட்டை கடித்த காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வீடு வீடாகக் கேட்பாள்: "எத்தன புள்ளைக?" சொன்னதைப் பதிவேட்டில் எழுதுவாள். ஒரு எழுத்துகூட அவள் பொய்யாக எழுதியதில்லை.

தப்பு அந்தக் கேள்வியிலேயே இருந்தது. பேர் வைக்கும் முன்னே போய்விட்ட பிள்ளையை மலைமேல் கணக்கில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இருக்கிற பிள்ளைக்கு ஆகாதாம். ஐந்து பெற்று இரண்டைக் கையில் வைத்திருப்பவள், "ரெண்டும்மா" என்பாள். வயிறு தெரிந்தால் கங்காணி வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவான். அதனால் ஏழு மாதம் வரை கம்பளியைப் போர்த்தி மறைத்தும்விடுவார்கள். அக்கா இரண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த குடிசைக்குப் போவாள்.

எண்பத்திரண்டாம் வருடம் முழுக்க அவள் பதிவேட்டில் ஏறிய குழந்தைச் சாவு ஒன்றே ஒன்று. சுற்றுவட்டாரத்திலேயே அதுதான் குறைவு. அடுத்த தை மாதம் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, ‘குழந்தை இறப்பு குறைவு, முதல் பரிசு’ என்று பேர் வெட்டிய எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அதைக் கடையில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தவன் நான்தான். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மாசி மாதம். ஸ்டாண்டில் பூ விற்கும் கருப்பம்மாளிடம், மொக்கம்மாள் என்ற தோட்டத்துப் பெண் ஐந்து முழம் மல்லிகை வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் எண்ணெய்கூட இல்லை. ஜீப்புக்குக் காத்திருந்த அக்கா அவளை வம்புக்கு இழுத்தாள்.

"என்ன மொக்கம்மா, இம்புட்டுப் பூவையும் நீ ஒருத்தியா வைக்கப் போற?"

"தலைக்கு இல்லம்மா. மார்ல வச்சுக் கட்டணும். பிள்ள போயி மூணு நாளாச்சு, பாலு நிக்க மாட்டேங்குது."

பால் வற்றுவதற்கு மல்லிகையை வைத்துக் கட்டுவது ஊரறிந்த வைத்தியம், அக்காவுக்கும் தெரிந்ததுதான். மொக்கம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நடந்ததைக் கேட்டாள். எட்டாம் மாதம் பனியில் காய் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு வலி கண்டிருக்கிறது. குடிசையிலேயே பெற்றிருக்கிறாள். கீழே கொண்டுபோக ஜீப்பு வந்து சேர்வதற்குள் பிள்ளை விறைத்துப் போயிருக்கிறது.

மொக்கம்மாள் போன பிறகு, கருப்பம்மாள் பூவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "இதென்ன ஆத்தா புதுசா? வெறுந்தலையோட வந்து அஞ்சு முழம் கேட்டா நான் ஏன்னு கேக்குறதில்ல. போன வருசம் மட்டும் பதினோரு பேரு."

அரசாங்கப் பதிவேட்டில் ஒன்று. பூக்காரி வாயில் பதினொன்று.

அன்று அக்கா சோற்றைத் தொடவில்லை. "ஒம்பது வருசமா எதக் கேக்கணும்னு தெரியாத கூறுகெட்டவளா இருந்திருக்கேன்டா" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறு செவ்வாயிலிருந்து கேள்வியை மாற்றினாள். "பாலு வத்தப் பூக் கட்டுனது எத்தன தடவ?" அதற்குப் பதில் சொன்னார்கள். பிள்ளையைச் சொல்லத்தான் கூடாது, பாலைச் சொல்லலாம். சரிவு முழுக்க நடந்து முடித்தபோது, போன வருடக் கணக்கு பதினான்கு ஆகியிருந்தது.

போடிமெட்டில் மாநில எல்லைச் சாவடி உண்டு. ஏலக்காய் மூட்டையை இந்தப் பக்கமும் எண்ணுவார்கள், அந்தப் பக்கமும் எண்ணுவார்கள். கணக்கில் ஒரு மூட்டை இடித்தால் ஜீப்பு நகராது. அந்த மூட்டையை நிரப்பியவள் பெற்ற பிள்ளையை எண்ணத்தான் இரண்டு பக்கமும் ஆளில்லை.

சித்திரையில் நர்சுகளின் கூட்டம். ஐந்து இடங்களுக்குப் பிரசவ அறை வரப்போகிறது, சாவு அதிகமுள்ள இடத்துக்கே முதலில் என்றார்கள். போடிமெட்டில் ஓர் அறையும், ஒரு கட்டிலும், இரவு தங்க ஒரு நர்சும் இருந்தால் அந்தப் பதினான்கில் பாதியாவது பிழைத்திருக்கும் என்று அக்கா நம்பினாள். எழுதியதை எடுத்துக்கொண்டு அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"ஒண்ணுன்னு நீங்கதானம்மா எழுதினீங்க. குடமும் வாங்கினீங்க" என்றார் அவர்.

"தப்பாக் கேட்டுட்டேன் சார். இப்பத்தான் சரியாக் கேட்டிருக்கேன்."

"அதெல்லாம் மேல போயாச்சு. ஆயிரம் பிறந்தா நூத்துக்கு மேல சாகுதுன்னு உலகப் பட்டியல்ல நாடே தலைகுனிஞ்சு நிக்குது. இந்தா இருக்கிற இலங்கையில நாப்பதுக்கும் கீழ. நீங்க வேற கூட்டிவிடணுமா? சரி, இதுக்குச் சாட்சி யாரு, பூக்காரியா?"

"பெத்தவ சாட்சி சார்."

"முதலிடத்துல இருக்கிற ஊருக்கு அறை எதுக்கும்மா? போங்க, சோலியப் பாருங்க."

பிள்ளை செத்தால் நாடு தலைகுனியாது, அதை எழுதினால்தான் குனியும். அந்த மனுஷனின் புத்தி அவ்வளவுதான். அறை போடிமெட்டுக்கு வரவில்லை. பதினான்கு இன்றுவரை ஒன்றாகவே இருக்கிறது.

மறுவருடம் மொக்கம்மாள் மறுபடி உண்டானாள். அக்கா அவளை ஒரு மாதம் முன்பே மலையிலிருந்து இறக்கி எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டாள். பின்கட்டில், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, பெண் பிள்ளை பிறந்து வீரிட்டு அழுதது. அந்தப் பிறப்பு அன்று மாலையே பதிவேட்டில் ஏறி மேலே போனது. பேர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் அக்கா கடைக்கு வந்து குடத்தைத் தூக்கினாள்.

"அக்கா, அது பரிசு" என்றேன்.

"எவ பிள்ள செத்ததுக்குடா பரிசு? பூவாவது வாடாம இருக்கட்டும்."

நேரே ரோட்டைக் கடந்து போய்க் கருப்பம்மாள் முன்னால் வைத்தாள். கருப்பம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. குடம் கனமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஜீப்பிலிருந்து வெறுந்தலையோடு ஒருத்தி இறங்கினாள். கருப்பம்மாள் குடத்துத் தண்ணீரை அள்ளித் தெளித்து, ஐந்து முழம் அளந்து கொடுத்தாள். பிறகு எங்கள் கடை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, அந்த வருடக் கணக்குக்கு நாலு விரலைக் காட்டினாள்.