பாலத்து மீட்டிங்குக்கு ஆட்டோவில் போன நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதம், மழை பிடிப்பதற்குச் சில நாள் முன்பு நடந்தது இது. அந்தமானில் புரோத்ராபூர் பக்கம் எங்கள் வீடு. தோட்டத்தில் கீரை போட்டு, விடிந்ததும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் டவுன் மார்க்கெட்டில் விற்பது என் தொழில். போகும் வழியில் ஓடைமேல் ஒரு பழைய பாலம். அதன் ஓரத்தில் மழைநீர் வடிவதற்கு இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். சக்கரம் போகும் திசையிலேயே கம்பிகளும் நீளவாட்டில் இருக்கும். எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ!

அதற்குச் சில மாதம் முன்பு ஒருநாள் என் முன்சக்கரம் அந்தக் கம்பிகளுக்கு நடுவே இறங்கிவிட்டது. தலைகுப்புற விழுந்தேன். பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. இடது மணிக்கட்டில் ஆபரேஷன் செய்து வைத்த தகடு இன்றும் இருக்கிறது. எனக்கு வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அப்போது ஒன்பதாவது படித்த என் மகளும் தினமும் அதே பாலத்தில்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

கை ஆறி நான் மறுபடி சைக்கிள் ஏறிய சமயத்தில்தான் பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க மீட்டிங் வைக்கிறார்கள் என்று தெரிந்தது. சைக்கிள் ஓட்டுகிறவர்களை வீடு வீடாகப் போய்ச் சொல்லி வரவழைத்தேன். மீன்காரர், பால்காரர், தேங்காய் வெட்டப் போகிறவர்கள் என்று நல்ல கூட்டம் சேர்ந்தது.

இன்ஜினியர் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த தமிழர். சுவரில் வரைபடத்தை மாட்டியிருந்தார். அகலமான பாலம், வண்டிகள் பறக்கலாம். ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு நடைமேடை. சைக்கிளுக்கு ஒரு கோடு கூட இல்லை. கம்பிகள் அதே நீளவாட்டில். சைக்கிளுக்கு வழி எங்கே என்று எழுந்து நின்று கேட்டேன்.

“ஏம்மா, இந்தக் காலத்துல யாரு சைக்கிள்ல போறாங்க? நாங்க ரோட்டுல ஆள் நிறுத்தி எண்ணிட்டோம். தேறவே இல்லை.”

“எத்தனை மணிக்கு சார் எண்ணுனீங்க?”

“ஆபீஸ் டைம்தான். ஒன்பது மணியிலேர்ந்து.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இங்க அஞ்சு மணிக்கே வெயில் வந்துரும் சார். ஒன்பது மணிக்கு நாங்க பாதிப் பேரு மார்க்கெட்ல சரக்கை வித்து முடிச்சிருப்போம். பிள்ளைங்க கிளாஸ்ல இருக்கும்.”

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் அசரவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “சரிம்மா, இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. வெளியில ஒரு சைக்கிளாவது நிக்குதா?”

எட்டிப் பார்த்தேன். இரண்டு ஸ்கூட்டர் நின்றது. சைக்கிள் ஒன்றுகூட இல்லை. பெரிய அதிகாரி வருகிற மீட்டிங் ஆயிற்றே! எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறி வந்திருந்தார்கள். மீன்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வங்காளி. தலையைச் சொறிந்துகொண்டு, “தீதி, சாஹிப் கே சாம்னே சைக்கிள் லேகே ஆயேங்கே க்யா?” என்றார். அக்கா, அதிகாரி முன்னால் சைக்கிளோடு வருவதா என்று அவருக்கு வெட்கம். அவரைச் சொல்லி என்ன? நானே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவில்தான் போயிருந்தேன்.

மூக்குடைபட்டது. ஆனால் குட்டக் குட்டக் குனிகிறவள் இல்லை நான். காது சூடாகி, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். “உங்களுக்கு மரியாதை குடுத்துத்தான் சார் சைக்கிளை வீட்டுல விட்டுட்டு வந்தோம். அந்த மரியாதையை இன்னையோட நிறுத்திக்கிறோம்.”

அடுத்த திங்கட்கிழமை மார்க்கெட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் டவுனிலுள்ள அவருடைய ஆபீசுக்கே போனோம். வேலைக்குப் போகும் அழுக்குச் சட்டை, கைலி, கேரியரில் மீன்பெட்டி, பால்கேன், தேங்காய்மூட்டை, என் கீரைக்கட்டு. “அந்தர் நஹீ!” என்று உள்ளே விடாமல் வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினார். நாங்கள் காதில் வாங்கவில்லை. கார்கள் நிற்கும் இடத்தில் வரிசையாக ஸ்டாண்டு போட்டோம். வெயில் ஏற ஏற மீன் நாற்றம் மாடிவரை போயிருக்க வேண்டும். இன்ஜினியர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

“இதையெல்லாம் எடுங்கம்மா!”

“எடுக்கிறோம் சார். மொதல்ல எண்ணிக்கோங்க.”

மனிதர் நிஜமாகவே எண்ண ஆரம்பித்தார். இதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம். அடுத்த வாரம் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாலத்து முனையில் ஆள் நிறுத்தித் திரும்ப எண்ணச் சொன்னதும் அவர்தான்.

புதுப் பாலம் திறந்து சில மாதம் ஆகிறது. கம்பிகளைக் குறுக்குவாட்டில் போட்டிருக்கிறார்கள். சைக்கிளுக்குத் தடுப்பு வைத்துத் தனி வழி விட்டிருக்கிறார்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கத்துக்கும் கேட்டு மனு கொடுத்தபடிதான் இருக்கிறேன், விடுவதாக இல்லை. இப்போது என் மகள் அதில் போகும்போது நான் வாசலில் நின்று கடவுளைக் கூப்பிடுவதில்லை.

எல்லோரும் என் தைரியத்தைப் பாராட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அந்த ஜன்னல் நினைவுக்கு வந்தால் இன்றும் கோபம் வரும். எங்களை எண்ணாமல் விட்டவர்மேல் அல்ல. எண்ண முடியாதபடி எங்களை நாங்களே ஒளித்து வைத்தோமே, அதற்காக என்மேல்தான்.